யாருடைய திங்கட்கிழமை?

ஓய்வெடுத்தால் உடம்பு தேறும் என்பது உலக வழக்கு. பஞ்சாலையில் ஒரு நோய் அதைத் தலைகீழாக்குகிறது. ஆறு நாள் வேலை பார்த்து, ஏழாம் நாள் வீட்டில் இருந்துவிட்டு, மறுநாள் ஷிப்டுக்கு வந்தவருக்குச் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும். மார்பைச் சுற்றிக் கயிறு கட்டி இழுத்த மாதிரி இருக்கும். இருமல் வரும், மூச்சு பாதியில் நிற்கும். அடுத்த நாளும் அதே இயந்திரம், அதே பஞ்சு, அதே தூசிதான். ஆனால் இறுக்கம் குறைந்திருக்கும். வாரம் முடியும்போது அவரே அதை மறந்திருப்பார். "லீவு நாள்ல வெயில்ல அலைஞ்சிருப்பே" என்பார் மேஸ்திரி. "ஐஸ் போட்டு எதையாவது குடிச்சிருப்பீங்க" என்பார் வீட்டம்மா. இருவரும் பழியை விடுமுறை மேல் போடுகிறார்கள். விடுமுறைக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்ற அளவில் அவர்கள் சொல்வது சரிதான்.

மான்செஸ்டர் நூற்பாலைத் தொழிலாளரின் மூச்சுக் கோளாறை 1831இல் ஜேம்ஸ் கே என்ற மருத்துவர் எழுதி வைத்தார். 1845இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் மரெஸ்கா, ஹெய்மன் என்ற இருவர் தொழிலாளரிடம் கேட்டறிந்தபோது, வாரத்தின் தொடக்கத்தில்தான் தூசி அதிகம் தொல்லை தருகிறது என்ற விவரம் கிடைத்தது. 1877இல் பாரிஸ் மருத்துவர் அத்ரியன் புரூஸ்ட், மென்துணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் 'பிசினோசிஸ்' என்று பெயர் வைத்தார். வாழ்நாள் முழுக்க ஆஸ்துமாவோடு போராடிய நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் இவருடைய மகன். ஆலைக்காரர்கள் வைத்த பெயர் இன்னும் எளியது: திங்கட்கிழமைக் காய்ச்சல்.

ஞாயிறு மொத்த ஆலைக்கும் விடுமுறை என்றிருந்த ஊர்களில் பிறந்த பெயர் அது. நம் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

பஞ்சுக்குள் ஒளிந்திருப்பது

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் ராஜபாளையத்தின் பிழைப்பில் பாதி பஞ்சு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸுக்குப் பின் இங்கே நூற்பாலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் தறிகள் நெய்யும் பேண்டேஜ் துணி நாட்டின் பல மாநில மருத்துவமனைகளுக்கும் போகிறது. இந்தப் பஞ்சுக்குள் அப்படி என்ன இருக்கிறது?

பஞ்சின் வெண்மையான இழை பெரும்பாலும் செல்லுலோஸ். அது நெஞ்சை இறுக்குவதில்லை. காயை ஏந்தியிருக்கும் செதில் இலைகள் வெடித்த பருத்தியோடு காய்ந்து சருகாகி, நொறுங்கிப் பஞ்சில் கலக்கின்றன. விதை பிரிக்கும் ஜின்னிங்கிலும் முழுக்கப் போகாமல் பேல் என்ற பஞ்சுப் பொதிக்குள் வந்து சேரும் இந்தத் தும்பில்தான் 'பான்டோயா அக்ளோமெரன்ஸ்' போன்ற பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றின் வெளிச்சுவரில் 'எண்டோடாக்சின்' என்ற பொருள் இருக்கிறது. தமிழில் உள்நச்சு எனலாம். பாக்டீரியா செத்தாலும் இது சாவதில்லை. பேலுக்குள் மாதக்கணக்கில் கிடந்து, பேல் பிரிக்கும் நாளில் காற்றில் ஏறும்.

நுரையீரலில் காவலுக்கு நிற்கும் விழுங்கணுக்களுக்கு இந்தப் பொருள் பரம்பரைப் பகை. 'டிஎல்ஆர் 4' என்ற ஏற்பி மூலம்தான் நம் செல்கள் அதை மோப்பம் பிடிக்கின்றன. எவ்வளவு உள்நச்சு கொடுத்தாலும் அசராத ஓர் எலி வகை இருந்தது. ஏன் அசரவில்லை என்று தேடிப்போன அமெரிக்க மருத்துவர் புரூஸ் பாய்ட்லர், அந்த எலிகளிடம் இந்த ஏற்பிக்கான மரபணு பழுதாகியிருப்பதை 1998இல் கண்டார். 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏற்பி நல்ல நிலையில் உள்ள நாமோ உள்நச்சு பட்டதும் முழு ஊருக்கும் தண்டோரா போடுகிறோம். ரசாயனத் தூதுகள் பறக்கின்றன; மூச்சுக்குழல் சுருங்குகிறது, வீங்குகிறது, சளி சுரக்கிறது. நெஞ்சு இறுகுவது அதனால்தான்.

தினமும் தண்டோரா அடித்தால் ஊர் காதுகொடுக்காது. அடுத்தடுத்த நாள்களில் உள்நச்சு வரும்போது செல்கள் எதிர்வினையைக் குறைத்துக்கொள்கின்றன. ஒருநாள் விலகியிருந்தால் அந்தச் சகிப்பு தளர்ந்துவிடும்; திரும்பி வரும் நாளில் தண்டோரா மறுபடி முழுச் சத்தத்தோடு ஒலிக்கும். முதல் நாள் புதிருக்கு முதன்மையாகச் சொல்லப்படும் விளக்கம் இது. சகிப்பு வந்துவிட்டால் நோய் போய்விட்டது என்று பொருளில்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் 1950களில் ஆராய்ந்த ரிச்சர்ட் ஷில்லிங் இதைப் படிநிலைகளாகப் பிரித்தார். எப்போதாவது விடுமுறைக்கு மறுநாள் மட்டும் இறுக்கம். பிறகு ஒவ்வொரு வாரமும் முதல் நாளில். பிறகு மற்ற நாள்களிலும். கடைசியில் மூச்சுத் திறனே நிரந்தரமாகக் குறைந்துபோதல். முதல் படிகளில் இருப்பவர் தூசியை விட்டு விலகினால் மீளலாம். கடைசிப் படியிலிருந்து திரும்பும் வழி இல்லை. இறங்க ஆண்டுகள் ஆகும் படிக்கட்டு இது. ஆகவே இடையிலேயே பிடித்து நிறுத்தவும் ஆண்டுகள் இருக்கின்றன.

கண்ணில் படுவதும் படாததும்

நூற்பாலைக்குள் போய் வந்தவர்களின் புருவத்திலும் தலைமுடியிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். பார்ப்பவர் பயப்படுவது அதைக் கண்டுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் அந்த இழை பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கான 15 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள்தான் மூச்சுக்குழலுக்குள் இறங்குகின்றன. மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்பவர் தெரியும் பஞ்சைத் தடுத்துவிட்டுத் தெரியாத தூசியை உள்ளே விடுகிறார்.

இதை அளக்கும் கருவி நம் முறத்துக்குச் சொந்தக்காரன். தூற்றும்போது நெல் கீழே விழும், பதர் காற்றோடு போகும். 'செங்குத்து எலுட்ரியேட்டர்' என்ற கருவி ஒரு கூம்புக் குழலில் காற்றை மெல்ல மேலே இழுக்கிறது. பஞ்சிழை எடை தாங்காமல் கீழே தங்க, நுண்தூசி மட்டும் மேலேறி வடிதாளில் படிகிறது. அந்தத் தாளை நிறுத்தால் கணக்கு கிடைக்கும். இந்தியாவின் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கச்சாப் பஞ்சுத் தூசிக்கு வகுத்த உச்ச அளவு ஒரு கனமீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம். எட்டு மணி நேர வேலையில் ஒருவர் சுமார் பத்துக் கனமீட்டர் காற்றை இழுப்பார் என்று வைத்துக்கொண்டால், உச்ச வரம்பிலேயே அவர் உள்ளே வாங்குவது 2 மில்லிகிராம். ஓர் அரிசியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சட்டம் காவல் காக்கும் எல்லை அவ்வளவு மெல்லியது.

கருவி வாங்க வசதியில்லாத கூடத்திலும் ஒரு சோதனை செய்யலாம். விளக்கை அணைத்துவிட்டு, நல்ல டார்ச் ஒன்றைத் தூசி கிளம்பும் இடத்தில் பாய்ச்சி, ஒளி தன்னை நோக்கி வரும் திசையில், நேரே கண்ணில் அடிக்காமல் சற்று விலகி நின்று பார்க்க வேண்டும். வெறும் காற்று என்று நினைத்த இடத்தில் புகைமண்டலம் எழும். ஓட்டுக்கூரைச் சந்தில் விழும் வெயிலில் தூசி ஆடுவதைப் பார்த்த எல்லோருக்கும் இந்த வித்தை தெரியும். 19ஆம் நூற்றாண்டில் ஜான் டிண்டால் ஆராய்ந்த ஒளிச்சிதறல் இது. அளவைச் சொல்லாது, ஆனால் எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது, எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

செய்பவர் இல்லாத வாக்கியம்

தொழிற்சாலைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1949 ஏப்ரலில். ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா மெட்ராஸ் மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பேற்றதும் அதே ஏப்ரலில்தான். அவருடைய ஆட்சிக் காலத்தில் வந்தவை 1950ஆம் ஆண்டின் மெட்ராஸ் தொழிற்சாலை விதிகள். தொழிற்சாலைச் சட்டம் ஆலைக்குள் நுழைந்து ஒவ்வொன்றையும் சுட்டியது: சுழலும் பாகத்துக்கு வேலி, தூசியை உறிஞ்ச ஏற்பாடு, பஞ்சு அழுத்தும் ஆலையில் பஞ்சு பிரிக்கும் இயந்திரம் ஓடும் பகுதியில் பெண்களையும் சிறுவரையும் அமர்த்தத் தடை. பிசினோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. கண்டுபிடிக்கும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதியாக வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

1984 டிசம்பரில் போபால் விஷவாயு விபத்து நடந்தது. பட்டியல் போட்டுச் சொன்னால் போதாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆபத்தைத் தானே யோசித்து எழுத வேண்டும் என்ற எண்ணம் நம் சட்டத்திலும் ஏறியது. பிரிட்டனில் ராபன்ஸ் குழு 1972இல் சொல்லி, 1974இல் சட்டமாகியிருந்த வழி அது. 1987இல் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு, தொழிலாளரின் உடல்நலம், பாதுகாப்பு குறித்த பொதுக் கொள்கையை எழுத்தில் வைக்க வேண்டும் என்றது. அதை நிறைவேற்ற யார் யார், என்னென்ன ஏற்பாடு என்பதும் அதில் இருக்க வேண்டும். தேவைப்படும்போது திருத்த வேண்டும். தொழிலாளர் எல்லோருக்கும் தெரியப்படுத்த வேண்டும்.

நடைமுறையில் என்ன கிடைக்கிறது? டைம் ஆபீஸ் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாள். "தூசியைக் கட்டுப்படுத்த உரிய நடவடிக்கைகள் எடுக்கப்படும்." இலக்கண வகுப்பு நினைவிருந்தால் கோளாறு புரிந்துவிடும். எடுக்கப்படும் என்பது செயப்பாட்டு வினை. வினை இருக்கிறது, செய்பவர் இல்லை. அதே தாளில், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூம் பற்றி இப்படி இருந்தால்? "புளோரூமில் தூசி உறிஞ்சும் விசிறி நின்றால், ஷிப்ட் மேஸ்திரி உடனே இயந்திரத்தை நிறுத்துவார். ஃபிட்டர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்வரை ஓட்டச் சொல்ல முதலாளிக்கும் உரிமை இல்லை." இந்த இரண்டு வாக்கியங்களில் செய்பவர் இருக்கிறார், நேரம் இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது.

ராஜபாளையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் உண்டு. ஆனால் பெரிய தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் சறுக்குக் கட்டையோடு நிற்கும் சிலர். எந்தச் சக்கரத்துக்கு யார், எப்போது கட்டை கொடுப்பது, யார் குரலுக்குக் கேட்பது என்பது தேர் அசைவதற்கு முன்பே முடிவாகியிருக்கும். "எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க" என்று மைக்கில் சொல்வதால் தேர் நிற்பதில்லை.

வரிசை மாறினால் கதை கெடும்

அப்படியானால் ஒரு பஞ்சாலையின் தாளில் எதை முதலில் எழுதுவது? முதலில் நினைவுக்கு வருவது முகக்கவசம். அறிவியல் அதைக் கடைசியில் வைக்கிறது. தூசியே உண்டாகாமல் செய்ய முடியுமா என்பது முதல் கேள்வி. முடியாவிட்டால் கிளம்பும் இடத்திலேயே பிடிக்கலாமா? அதுவும் முடியாவிட்டால் ஆள் அங்கே நிற்கும் நேரத்தைக் குறைக்கலாமா? அதற்கும் பிறகுதான் மூக்கு.

முதல் கேள்விக்குப் பஞ்சு தரும் பதில் சுவையானது. பஞ்சை வெந்நீரில் கழுவினால் உள்நச்சு பெருமளவு போய்விடும். கழுவிய பஞ்சு நெஞ்சை அவ்வளவாக இறுக்காது. ஆனால் கடுமையாகக் கழுவினால் இழை மேலுள்ள மெழுகும் போகலாம், இழைகள் சிக்கிக்கொள்ளலாம். நூற்கும்போது இழைகள் வழுக்கி நழுவ அந்த மெழுகு வேண்டும். பேண்டேஜ் துணியில் இதே மெழுகு எதிரி. அது இருந்தால் துணி ரத்தத்தை உறிஞ்சாது. அதனால் நெய்து முடித்த துணியைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து வெளுக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போவது கழுவிய பஞ்சு. தறிக்காரர் மூச்சில் போவது கழுவாத பஞ்சு.

இரண்டாம் கேள்வியில்தான் ஆலைகள் வென்றிருக்கின்றன. பேல் பிரித்தல், புளோரூம், இழைகளைச் சீவும் கார்டிங் ஆகிய முதல் கட்டங்களில்தான் தூசி உச்சம். அங்கே இயந்திரத்தை மூடி, உறிஞ்சு குழாய் வைத்தால் பின்னால் வரும் சிம்ப்ளக்ஸ், ஸ்பின்னிங், வைண்டிங் பகுதிகளுக்கும் நன்மை. அமெரிக்கா 1978இல் நூல் தயாரிப்புக்குக் கனமீட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்று, அதாவது நம் 0.2 மில்லிகிராமையே வரம்பாக விதித்தது. செலவு தாங்காது என்று ஆலை அதிபர்கள் வழக்குப் போட்டார்கள். செய்யக்கூடியது என்றால் செய்தாக வேண்டும், லாப நட்டக் கணக்கு பார்க்கத் தேவையில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1981இல் சொன்னது. தூசிக்காக வாங்கிய புதிய இயந்திரங்கள் உற்பத்தியையும் கூட்டின.

இதில் எல்லாவற்றையும் கெடுக்கக்கூடியது துடைப்பம். இயந்திரத்தின் மேல் படிந்ததைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவதும், தரையைப் பெருக்குவதும், பாடுபட்டுக் கீழே இறக்கிய தூசியை மறுபடி மூக்கின் உயரத்துக்கு ஏற்றிவிடும். உறிஞ்சி எடுப்பதே சரி. "ஏர் பிடிப்பது நிறுத்தப்படும்" என்ற வரியை எழுதுவது எளிது. ஷிப்ட் முடியும் பத்து நிமிடத்தில் இயந்திரத்தைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டியவரிடம் காற்றுக் குழாயைப் பிடுங்கினால், பதிலுக்கு உறிஞ்சு கருவியும் கூடுதல் நேரமும் தர வேண்டும். அதையும் எழுதியிருந்தால்தான் அது கொள்கை; இல்லாவிட்டால் கட்டளை.

அடுத்த வீட்டுத் தாள்

இந்தத் தாளை நகலெடுத்து அடுத்த தொழிலுக்குக் கொடுக்க முடியாது. நாடா ஓடும் தறிக்கூடத்தில் தூசியோடு சத்தமும் ஆபத்து. நம் விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. 95 ஆனால் நான்கு மணி நேரம்தான். சத்தத்தால் கெடும் செவி முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள உயர்ந்த ஒலிகளை. அதனால் தறிக்காரருக்குப் பேச்சு கேட்கும், சொல் தெளிவாகாது. வீட்டில் டிவி சத்தம் ஏறிக்கொண்டே போனால் அதுவே முதல் அறிக்கை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் அடுப்படியில் கதை மறுபடி மாறும். அங்கே கொதிக்கும் பால், விறகுப் புகை, மணிக்கணக்கில் கிண்டும் தோள், வெக்கை. வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும். பால் சுண்டி எழும் ஆவி அந்தக் காற்றை ஏற்கெனவே ஈரமாக்கிவிட்டிருக்கும். அந்தத் தாளின் முதல் வரி புகைபோக்கியும் காற்றோட்டமுமாக இருக்கும்.

சட்டத்தின் கை எட்டாத கூடங்களும் இருக்கின்றன. மின்சாரத்தோடு பத்துப் பேர் வேலை செய்தால்தான் பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் அது தொழிற்சாலை. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது இருபது பேர். அரசு குறிப்பிடும் வகையினருக்கு ஆண்டுக்கொருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை என்கிறது அதே தொகுப்பு. ஆனால் வீட்டை ஒட்டி நான்கு தறி போட்டு, கணவனும் மனைவியும் கூலிக்கு ஒருவருமாக ஓட்டும் கூடத்தில் எண்ணிக்கை மூன்றுதான். நுரையீரலுக்கு இந்த எண்ணிக்கை தெரியாது. அந்த வீட்டில் டார்ச் சோதனைக்கும், பெருக்காமல் துடைப்பதற்கும், தறிச் சட்டையைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் போவதற்கும் எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.

இப்போது திங்கட்கிழமைக்குத் திரும்பலாம். நம் ஆலைகள் நாள் முழுக்க ஓடுபவை. பல இடங்களில் வார விடுப்பு ஆளுக்கொரு நாள். 28 பேர் உள்ள ஒரு பிரிவில் தினமும் 4 பேருக்கு விடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை மருத்துவ முகாம் நடக்கிறது. 4 பேர் வரவில்லை. 20 பேர் வாரத்தின் நடுவிலோ கடைசியிலோ இருக்கிறார்கள். நெஞ்சு சும்மா இருக்கிறது. விடுப்பு முடிந்து அன்றுதான் வந்தவர்கள் 4 பேர் மட்டுமே. நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும் நாளில் நாம் பார்த்தது ஏழில் ஒரு பங்குப் பேரை. "அனைவரும் நலம்" என்று முகாம் அறிக்கை எழுதும், பொய் சொல்லாமலேயே.

அமெரிக்க விதி இதைத் தெரிந்து எழுதப்பட்டது. குறைந்தது 35 மணி நேரம் விலகியிருந்துவிட்டு வேலைக்குத் திரும்பும் நாளில், ஷிப்டுக்கு முன்பும் தூசியில் நான்கு மணி நேரமாவது நின்ற பின்பும் ஊதச் சொல்கிறது. முழு மூச்சு இழுத்து ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்றை இரண்டு தடவையும் ஒப்பிட வேண்டும். 5 சதவீதமோ 200 மில்லிலிட்டரோ குறைந்தால் அவரை ஆறு மாதத்துக்கொருமுறை பார்க்க வேண்டும். நம் ஊர்த் தாளுக்கு இதில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்: 'அவரவர்'. அவரவர் விடுப்புக்கு மறுநாள் பரிசோதனை. அதற்கு வேண்டிய ஆவணம் டைம் ஆபீஸில் ஏற்கெனவே இருக்கும் விடுப்புப் பதிவேடு.

1700இல் இத்தாலியின் பெர்னார்டினோ ராமசினி, தொழில்களால் வரும் நோய்கள் பற்றித் தம் நூலை வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் கேட்கச் சொன்னார்: என்ன வேலை பார்க்கிறீர்கள்? சணலும் ஆளியும் சிக்கெடுப்பவர்களின் இருமலை அவர் அந்தக் கேள்வியால்தான் பிடித்தார். பஞ்சு ஊரில் அதற்கடுத்த கேள்வி ஒன்று உண்டு. அதை டாக்டர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. ஷிப்ட் தொடங்கி நாலு மணி நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து நிற்கும் மேஸ்திரி கேட்கலாம், கேட்ட பதிலை நோட்டில் குறிக்கலாம்.

"நேத்து லீவுதானே? நெஞ்சு எப்படி இருக்கு?"